மலைச்சாலை வண்டிகளும் எரியெண்ணெய்க் குழாயின் இணைப்பும்

போடிநாயக்கனூரினின்றும் மேற்கே செல்வார்க்கு, முந்தலைக் கடந்தவுடன் மலைச்சாலை தொடங்குகின்றது. 17 கொண்டை ஊசி வளைவுகளை உடைய அச்சாலை ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் ஏறிப் போடிமெட்டை அடைந்து, பின்னர்ப் பூப்பாறை, சாந்தன்பாறை முதலிய ஏலத்தோட்டப் பகுதிகளுக்குச் செல்கின்றது. தோட்ட வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து காலையில் இவ்வழியே ஏறி, மாலையில் இவ்வழியே இறங்குகின்றனர். ஏற்றத்தின் நடுவே, வளைவில் திரும்பும் வேளையில், வண்டியின் எஞ்சின் திடீரென நின்றுவிடுமாயின் அதனால் நேரக்கூடிய இடரை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அங்ஙனம் நிற்பதற்குரிய காரணங்களுள் மிகச் சிறியதும், எளிதிற் புலப்படாததும் ஆகிய ஒன்றை ஈண்டு ஆராய்வோம். அஃதாவது, எரியெண்ணெய் வரும் உலோகக் குழாயும் ரப்பர் ஹோஸும் கூடுமிடத்துள்ள இணைப்பு.

குழாய் முழுவதையும் உலோகத்தாலேயே அமைத்தால் என்னை எனின், அது நெடுநாள் நில்லாது. எண்ணெய்த் தொட்டியும் உலோகக் குழாயும் வண்டியின் சட்டத்தோடு அசையாது பிணிக்கப்பட்டுள்ளன. எஞ்சினோ ரப்பர்த் திண்டுகளின்மேல் அமர்ந்து ஓயாது அதிர்வது. அசைவதையும் அசையாததையும் வளையாத குழாயால் இணைப்பின், அது நாளடைவில் களைப்புற்று விரிசல் காணும். ஆதலின் இடையே ஒரு சாண் அளவேனும் ரப்பர் ஹோஸ் வேண்டப்படுகின்றது. அது சற்றுத் தளர்வாகவும் இருத்தல் வேண்டும்.

இனி, ஹோஸைப் பற்றி நிற்பது யாது? கிளிப்பின் இறுக்கமே என்று பலரும் கருதுவர். உண்மை அதுவன்று. நன்கு செய்யப்பட்ட உலோகக் குழாயின் முனைக்குச் சிறிது உள்ளே, சுற்றிலும் ஒரு வளைய மேடு எழுப்பப்பட்டிருக்கும். ஹோஸ் அம்மேட்டைத் தாண்டிச் சென்று, அதற்கு அப்பால் கிளிப்பினால் கவ்வப்படும்பொழுது, கிளிப்பு மேட்டைத் தாண்டிப் பின்வாங்க இயலாது. கழலாது காப்பது மேடு. கசியாது காப்பது கிளிப்பு. கிளிப்பை மேட்டின்மேலேயே இறுக்கினால், அது நழுவி வெளியேறுவதற்கு நாமே வழி செய்தவராவோம். மேடில்லாத வெறுங்குழாயில் இரண்டு கிளிப்புகள் இட்டாலும் குறை தீராது. அத்தகைய குழாய்க்கு, முனை விரிக்கும் கருவியைக் கொண்டு மழுங்கிய மேடு எழுப்புதலே தக்கது. கூரிய விளிம்பு விடின் அது ஹோஸை உள்ளிருந்து அறுக்கும்.

திருகினால் இறுகும் கிளிப்பு 1921-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரியாகிய லம்லி ராபின்சன் என்பவரால் கண்டறியப்பட்டது. இன்று பட்டறைகளில் எங்கும் காணப்படும் கிளிப்பு அவ்வினத்தது. அவற்றுட் சிலவற்றின் பட்டையில் துளைகள் வெட்டப்பட்டிருக்கும். மெல்லிய எண்ணெய் ஹோஸில் இவற்றை இறுக்கினால், ரப்பர் அத்துளைகளிற் பிதுங்கிக் கிழியும். ஆகையால் உட்புறம் வழவழப்பாகவும் விளிம்பு மடிந்தும் உள்ள கிளிப்பே எரியெண்ணெய்க்கு ஏற்றது. மேலும், ரப்பர் அமுங்கிச் சிறுப்பதன்று. ஓரிடத்தில் நெருக்கினால் வேறிடத்திற்கு விலகும். எனவே அளவுக்கு மிஞ்சிய இறுக்கம் வலிமை தருவதில்லை, அறுவையே தரும். அவசரத்திற்குக் கட்டுக்கம்பி சுற்றுவதும் இத்தகையதே.

ரப்பரின் இனமும் கருதத்தக்கது. நம் மலைத்தொடரின் மேலைச் சரிவில் விளையும் இயற்கை ரப்பர் பல தொழிலுக்கும் உதவுவது. ஆயினும் பெட்ரோலில் ஊறிப் பருத்து இளகிவிடும். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவோர் இதனை நினைவிற் கொள்க. இக்குறையை நீக்கவே 1930-களில் ஜெர்மனியில் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் ஆக்கப்பட்டது. இந்தியாவில் 2023-ஆம் ஆண்டு முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துள்ளமையால், பழைய வண்டியின் ஹோஸ் அதனைத் தாங்குமா என்றும் பார்த்தல் வேண்டும். ஹோஸின்மேல் அச்சிடப்பட்டுள்ள குறிகளுள் ஆர்7 என்பது குறைந்த அழுத்தத்திற்கும், ஆர்9 என்பது எரியெண்ணெயைப் பீய்ச்சும் புதிய எஞ்சின்களுக்கும் உரியது. கார்புரேட்டர் உள்ள வண்டியில் குழாயின் அழுத்தம் அரை பார் அளவுக்கும் குறைவு. பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டியிலோ அது 3 அல்லது 4 பார் ஆகும்.

செய்முறை வருமாறு. எஞ்சின் நன்கு குளிர்ந்தபின், பாட்டரியின் பூமி இணைப்பை அகற்றுக. பீய்ச்சும் அமைப்பு உள்ள வண்டியாயின் குழாயில் தங்கிய அழுத்தத்தை முன்னரே தணித்துவிடுக. பெட்ரோல் கடுங்குளிரிலும் ஆவியாவது. அவ்வாவி காற்றினும் கனமாகித் தரையிற் படர்ந்து, தொலைவிலுள்ள நெருப்பையும் பற்றும். ஆதலின் பீடியும் அடுப்பும் அணுகலாகா. ஹோஸின் முனையைக் கூரிய கத்தியால் நேராக வெட்டி, உலோகக் குழாயைத் துடைத்துப் பிசிறு நீக்குக. கிளிப்பை முதலில் ஹோஸில் கோத்துக்கொள்க. துளி எண்ணெய் தடவி, ஓரங்குலம் உள்ளேறுமாறு ஹோஸைச் செலுத்துக. பின்னர் வளைய மேட்டிற்கும் ஹோஸின் முனைக்கும் இடையே கிளிப்பை நிறுத்தி, ரப்பர் பட்டையின் விளிம்பளவு பிதுங்கத் தொடங்கும்வரை சிறு திருப்புளியால் இறுக்குக. சூடேறிக் குளிர்ந்தபின் ரப்பர் சற்றுப் படிந்துவிடும். ஆகவே மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும்.

பெட்ரோல் கசிந்தால் மணமும் ஈரமும் அறிவிக்கும். டீசல் வண்டியின் செய்தி வேறு. பழைய அமைப்புள்ள டீசல் ஜீப்புகளில் எண்ணெயை இழுக்கும் பம்பு எஞ்சினருகே உள்ளது. தொட்டிக்கும் அதற்கும் இடைப்பட்ட குழாயில் அழுத்தம் வெளிக்காற்றினும் குறைவு. ஆதலின் அங்கே இணைப்புத் தளர்ந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது. காற்று உள்ளே புகும். இதனையே ஓட்டுநர்கள் 'ஏர் எடுக்கிறது' என்பர். போடியின் சமநிலத்தில் இக்குறை உறங்கிக் கிடக்கும். மலையேறுங்கால், பின்புறத் தொட்டி எஞ்சினுக்குக் கீழாகத் தாழ்கின்றது. பம்பு மிகுதியாக உறிஞ்ச வேண்டியதாகின்றது. எஞ்சினும் நிறைய எண்ணெய் வேண்டுகின்றது. அப்பொழுதே காற்றும் மிகுதியாகப் புகுந்து எஞ்சினை நிறுத்துகின்றது. எஞ்சின் நின்றால், பிரேக்குக்கு வெற்றிடத் துணை உள்ள வண்டிகளில் அத்துணையும் சில மிதிகளில் தீர்ந்துபோம்.

இதனை முன்னறிய வழியுண்டு. இரவெல்லாம் சரிவில் முகம் மேலாக நின்ற வண்டி காலையில் எளிதிற் கிளம்பாது, கைப்பம்பை அடித்தபின்பே கிளம்புமாயின், தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள இணைப்புகளை முதலிற் சோதிக்கவேண்டும். நடுவே சிறிதளவு ஒளி ஊடுருவும் எண்ணெய்க் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்தால், ஓடும் காற்றுக் குமிழிகள் கண்ணுக்குப் புலனாகும். ஆயின் டீசல் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குச் செல்லும் எஃகுக் குழாயில் மாத்திரம் ஒருநாளும் ரப்பரைச் சேர்க்கலாகாது. அங்குள்ள அழுத்தம் ரப்பர் தாங்குவதன்று.

வெடித்தும் இறுகியும் போன ஹோஸை மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அதனைப் பார்த்தற்குரிய இடம் மலையடிவாரம். வளைவின் நடுப்பகுதி அன்று. பிறர் உயிரை ஏற்றிச்செல்லும் வண்டியை உடையார் எவரும், முந்தலுக்கு வருமுன்னரே குனிந்து இவ்விணைப்புகளை ஒருமுறை நோக்குதல் கடனாம்.