விளைபொருளை வீட்டிற் பேணுதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கமஞ் செய்வோர் பலர், தை மாசியில் அறுத்த நெல்லைக் களத்திலேயே விற்றுவிட்டு, மாரி தொடங்குமுன் அரிசிக்குக் கடையை நாடுகின்றனர். மிளகாய், வெங்காயம், பயறு ஆகியவற்றின் நிலையும் இதுவே. எல்லோரும் ஒருங்கே விற்கும்போது விலை வீழ்கின்றது. ஒருங்கே வாங்கும்போது ஏறுகின்றது. இவ்விரு விலைகளுக்கும் இடைப்பட்ட தொகையே பல வீடுகளிற் கடனாகச் சேர்கின்றது. கடையை மட்டும் நம்பியிருத்தல் எத்தகைய இடர் என்பதை, 2022 இல் எரிவாயுவுக்கும் மாவுக்கும் நேர்ந்த தட்டுப்பாடு யாவர்க்கும் உணர்த்திற்று.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வீட்டிற் செய்ய முயல வேண்டியதில்லை. நெல்லிலிருந்து தொடங்குதல் நன்று. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி தேவையெனின், ஆண்டுக்கு ஏறத்தாழ 550 கிலோ ஆகும். நூறு கிலோ நெல்லில் 65 கிலோ அரிசி கிடைக்குமெனக் கொண்டால், ஒதுக்கவேண்டிய நெல் ஏறத்தாழ 850 கிலோ. கடன் கொடுத்தவர் களத்தில் வந்து நிற்கையில் இவ்வளவும் ஒதுக்குதல் எளிதன்று. அங்ஙனமாயின் ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மூன்று மாதங்களுக்கேனும் 210 கிலோ நெல்லை விற்காது வைத்தல் வேண்டும். விலை கடுமையாய் இருக்குங் காலம் அதுவே.

நெல்லின் ஈரம் நூற்றுக்கு 13 பங்களவுக்குக் குறையும்வரை காயவிடுக. பல்லில் வைத்துக் கடிக்கும்போது நசியாது ஒலியுடன் முறிந்தால் அது காய்ந்ததெனக் கொள்ளலாம். வெயிற்சூடு ஆறியபின்னரே சாக்கில் இடுதல் வேண்டும். சூட்டுடன் கட்டிய நெல் வியர்த்துப் பழுதாகும். சாக்குகளை நிலத்திலோ சுவரோடு சாய்த்தோ வையாது, பலகைமேல் அடுக்குக. பயறு, கௌபி முதலியவற்றை நன்கு காயவிட்டு, கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் அளவில், அதாவது ஒரு தேக்கரண்டி, சமையலெண்ணெய் பிசறிவைத்தால் வண்டு முட்டையிட்டுப் பெருகுவது பெரிதுங் குறையும்.

பச்சைமிளகாய் விலை பறித்த கூலிக்கும் போதாதிருக்கும் நாட்கள் உண்டு. அந்நாட்களில் அதனை மோர்மிளகாயாக்குவதே தக்கது. பழுதற்ற காய்களைக் கழுவித் துடைத்து, காம்பை நீக்காது, ஒரு பக்கத்தில் மட்டும் கீறுக. கிலோவுக்கு 100 கிராம் அளவில் உப்புக் கரைத்த புளித்த மோரில், அவை மூழ்குமாறு இரண்டு நாள் ஊறவிடுக. பாத்திரம் மண்ணாகவோ கண்ணாடியாகவோ இருத்தல் வேண்டும். அலுமினியத்தைப் புளிப்பும் உப்பும் அரித்துவிடும். பின்னர்ப் பகலில் ஓலைப்பாயில் உலர்த்தி, மாலையில் மீண்டும் அம்மோரிலேயே இடுக. மோர் முழுதும் வற்றியபின், ஒடித்தால் முறியும்வரை காயவைக்க. பாவற்காய், கத்தரிக்காய் வற்றலுக்கு இத்துணை வேலையில்லை: வட்டமாய் அரிந்து, உப்பிட்ட கொதிநீரில் இரண்டொரு நிமிடம் அமிழ்த்தி எடுத்துக் காயவைத்தாற் போதும்.

பூஞ்சணம் பற்றிய வற்றலையும் மிளகாயையும் துடைத்தோ மறுபடி காயவைத்தோ உண்ணும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இது கூடாது. சிலவகைப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு, ஈரலைத் தாக்குவது; சமையற் சூட்டில் முற்றும் அழியாதது. அத்தகைய பொருளைக் கோழிக்கும் இடற்க.

பனங்காணி உடையோர்க்கு ஒடியலும் புழுக்கொடியலும் புதியவை அல்ல. ஆவணி புரட்டாதியில் விழும் பழத்தின் விதைகளைப் பாத்தியில் அடுக்கினால், தை மாசியிற் கிழங்கு கிண்டலாம். பச்சையாய்க் கிழித்துக் காயவைப்பது ஒடியல். அவித்துக் காயவைப்பது புழுக்கொடியல். செலவு உழைப்பு மட்டுமே.

அவ்வுழைப்பு யாருடையது என்பதையும் எண்ணுதல் வேண்டும். நெல்லுக் காயவைத்தல், மிளகாய் கீறல், கிழங்கு கிழித்தல் யாவும் குடும்பத் தலைவியின் மேலேயே விழுமாயின், மறு ஆண்டு இம்முயற்சி நின்றுவிடும். சாக்கு அடுக்குவதும் பாய் தூக்குவதும் ஆண்கள் செய்யத்தக்கவை. போத்தல்களில் இட்ட நாளை எழுதி ஒட்டுதலைப் பிள்ளைகளிடம் விடலாம். பழையது முன்பாகவும் புதியது பின்பாகவும் தட்டில் இருக்குமாறு அவர்களே அடுக்கட்டும்.