உங்களுக்குத் தெரியுமா? உடம்புக்குள் வழி காட்டும் படம்

● மூக்குச் சதையை எண்டோஸ்கோப் விட்டு எடுத்தால் வெளியே தழும்பே தெரியாது. ஆனால் உள்ளே எவ்வளவு நெருக்கடி! சைனஸ் அறைக்கும் கண்ணுக்கும் நடுவே காகிதம் போல ஓர் எலும்பு. மேற்கூரையைத் தாண்டினால் மூளை. கேமரா எதிரே இருப்பதைத்தான் காட்டும், சுவருக்கு அந்தப் பக்கத்தைக் காட்டாது. ரத்தம் கசிந்தால் எதிரே இருப்பதும் மங்கிவிடும்.

● அதற்குத்தான் நேவிகேஷன். முன்பே எடுத்த சி.டி. ஸ்கேனைக் கணினியில் ஏற்றி, மயக்கத்தில் இருப்பவரின் நெற்றியில் சிறு சென்சார் ஒட்டி, நெற்றி, மூக்கு, கன்னம் என்று ஒரு கோலால் தடவுவார்கள். முகமும் ஸ்கேனும் பொருந்திவிடும். பிறகு கருவியின் நுனி போகிற இடமெல்லாம் திரையில் மூன்று கோணப் படங்களிலும் ஒரு கூட்டல் குறி கூடவே நகரும். பிசகு பெரும்பாலும் 2 மி.மீ.க்குள்தான். அங்கே அதுவும் பெரிய தூரம் என்பதால், மருத்துவரின் அனுபவத்துக்கு இது துணை மட்டுமே.

● உலகில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தது லண்டனில், 1971 அக்டோபர் 1 அன்று.

● முன்பே எடுத்த ஸ்கேனைப் பொருத்தும் நேவிகேஷன் முறை குடலில் பலிக்காது. எலும்பு அசையாது, குடல் நெளியும். அதனால் சில கொலோனோஸ்கோப் குழாய்களுக்குள் காந்தச் சுருள்கள் உண்டு. குழாய் எங்கே வளைந்திருக்கிறது என்று அவை உடனுக்குடன் காட்டும்.

● குழந்தையின் மூச்சுக்குழாயில் காசு சிக்கினால் எக்ஸ்ரேயில் தெரியும். மல்லாட்டை தெரியாது! வேர்க்கடலை விளையும் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இதை எல்லாத் தாய்மாரும் அறிந்திருக்க வேண்டும். தின்றுகொண்டிருந்த பிள்ளைக்குப் புரையேறி இருமல் நிற்கவில்லையென்றால், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும், என்ன தின்றது என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பிராங்கோஸ்கோப் விட்டுப் பார்ப்பதா என்று முடிவெடுக்க அந்த ஒரு தகவல் பெரிதும் உதவும்.

● கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12-இல். ஆனாலும் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கி, மேல்சிகிச்சைக்குச் சேலம், புதுச்சேரி, சென்னை வரை போகிறவர்கள் உண்டு. சைனஸ் அறுவை என்றால் அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேவிகேஷனுக்குச் சுமார் 1 மி.மீ. மெல்லிய அடுக்குகளாக எடுத்த ஸ்கேன் தேவை; உறையில் போட்டுத் தரும் ஃபிலிம் மட்டும் போதாது. எப்படி எடுக்க வேண்டும் என்று அறுவை செய்யப்போகிறவரிடம் முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஸ்கேன் மையத்தில் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் மறுபடி ஸ்கேன், மறுபடி கதிர்வீச்சு, மலைக்குப் போய்வர இன்னொரு நாள் கூலி.