வாகனத்துக்குள் ஜெனரேட்டர்: பெட்டி அடிக்கும் முன்

உன்னிச்சை, ஆயித்தியமலை, கரடியனாறு பக்கங்களுக்கு லொறியில் ஐஸ்கிறீம், யோகட், குளிர்பானம் ஏற்றிச்சென்று விற்கும் நமது சகோதரர்கள் சிலர் அண்மையில் என்னிடம் யோசனை கேட்டனர். வாகனத்துக்குள் சிறு அறை அடித்து, அதில் பெற்றோல் ஜெனரேட்டரைப் பூட்டி டீப் பிரீசரை ஓட்டலாமா என்பதே கேள்வி. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட காலத்தில் வாங்கி, பிறகு கடை மூலையில் கிடக்கும் ஜெனரேட்டர்கள்தாம் அவை. முடங்கிய முதலைத் தொழிலில் இறக்குவது நல்ல எண்ணமே.

ஆனால் உன்னிச்சைக் குளக்கட்டுக்கு அருகே நான் கண்ட லொறியொன்றில் அந்த அறைக்கும் சாரதி ஆசனத்துக்கும் நடுவே வெறும் பலகைதான் இருந்தது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சாரதியோ பகல் சாப்பாட்டுக்குப் பின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உறங்கிக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பினேன். சற்றுக் கோபித்துக்கொண்டார்.

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் வீதியோரம் நிறுத்தியிருந்த கரவன் வாகனத்துக்குள் இருவர் இறந்துகிடந்தனர். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் காபனோரொட்சைட்டு வாயு உள்ளே புகுந்திருந்தது. கோழிக்கோடு தேசிய தொழில்நுட்பக் கழகத்தார் பரிசோதித்தபோது, இரண்டு மணி நேரத்தில் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 957 பங்கு அந்த வாயு சேர்ந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல் காட்டிக்கொடுக்கும். உறங்குபவருக்கு அதுவும் தெரியாது. அல்லாஹ் நம்மைப் பாதுகாப்பானாக.

என்னைக் கேட்டால், அந்த அறை ஜெனரேட்டரைக் கொண்டுபோவதற்கு மட்டும் போதும். விற்கும் இடத்தில் இறக்கி, நீண்ட வயர் இழுத்து, 20 அடியாவது தள்ளி, காற்று வாகனத்தை நோக்கி வீசாத பக்கம் வையுங்கள். உள்ளேயே ஓட்டத்தான் வேண்டுமென்றால் கராஜில் சொல்லித் தகரத்தால் தடுத்து, மூட்டுகளையும் வயர் போகும் துளைகளையும் முழுதாக அடைக்க வேண்டும். புகையை வளையும் இரும்புக் குழாய் மூலம் பொடிக்கு வெளியே தள்ள வேண்டும். குழாய் சைலன்சர் வாயைவிட ஒடுங்கக்கூடாது, பலகையிலும் தொடக்கூடாது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையில் தேங்கும். ஆகவே அறையின் அடி கம்பிவலையாகத் திறந்திருக்கட்டும். இத்தனை செய்தாலும் அது ஓடும்போது வாகனத்துக்குள் எவரும் உறங்கக்கூடாது. பெற்றோல் கான் அந்த அறையில் இருக்கவும் கூடாது. சூடான இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றவும் கூடாது.

இன்னொன்று, செலவு பற்றியது. பிரீசர் மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போல் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். வற்றுக் கணக்கை மட்டும் பார்த்துச் சிறிய ஜெனரேட்டர் வாங்கினால் திணறும். முதல்நாள் இரவே கடை மின்சாரத்தில் பிரீசரை நிரப்பி நன்றாக உறையவைத்து ஏற்றுங்கள். மூடியை அடிக்கடி திறக்காவிட்டால் உன்னிச்சை போய்ச் சேரும்வரை ஜெனரேட்டரைத் தொடவே தேவையில்லை; அங்கும் விட்டுவிட்டு ஓட்டினால் போதும்.