இரவு உணவுக்குப் பின் வஜ்ராசனம்

ஹில்கிராஃப்ட் சாலையைச் சுற்றியுள்ள இப்பகுதிக்கு 2010ஆம் ஆண்டு மகாத்மா காந்தி மாவட்டம் எனப் பெயர் சூட்டப்பட்டது. இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பணி முடித்து வீடு திரும்பி இரவு உணவு கொள்ள ஒன்பது மணிக்கு மேலாகிவிடுகிறது. உண்டவுடன் சாய்ந்து படுப்பதும் வழக்கமாகிவிட்டது. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இதனால் மிகுகின்றன. படுத்த நிலையில் இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் எளிதாக மேலேறுவதே இதற்குக் காரணம். எனவே, உண்டபின் 2 முதல் 3 மணி நேரம் படுக்காதிருத்தல் நலம்.

இந்த இடைவேளையின் தொடக்கத்தைப் பயனுள்ளதாக்க ஏற்றது வஜ்ராசனம். கேரண்ட சம்ஹிதை எனும் யோக நூல் கூறும் 32 ஆசனங்களுள் வஜ்ராசனமும் ஒன்று. பெரும்பாலான ஆசனங்களை வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும். உணவுக்குப் பின்னும் செய்யத்தக்கதாக இது போற்றப்படுகிறது. முதுகு நிமிர்ந்திருப்பதாலும் வயிறு மடங்காதிருப்பதாலும் உணவு மேலெழாமல் இரைப்பையில் தங்குகிறது, மூச்சும் சீராகிறது.

செய்யும் முறை:

1. தரையில் பாய் அல்லது கம்பளம் விரித்து, முழங்கால்களைச் சேர்த்து மண்டியிடுக.
2. கால் பெருவிரல்கள் ஒன்றையொன்று தொட, குதிகால்களை விரித்து, அவற்றின் மேல் மெதுவாக அமர்க. வலி தோன்றினால், தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையே மடித்த போர்வையை வைத்துக்கொள்க.
3. உள்ளங்கைகளைத் தொடைகளின்மேல் வைத்து, முதுகை நிமிர்த்தி, மூக்கின் வழியே இயல்பாக மூச்சு விடுக.
4. முதல் வாரம் 1 அல்லது 2 நிமிடம் போதும். பழகியபின் 5 முதல் 10 நிமிடம் வரை அமரலாம்.
5. முடிவில் கால்களை ஒவ்வொன்றாக முன்னே நீட்டித் தேய்த்துவிட்டு, மரமரப்பு நீங்கிய பின்னரே எழுக.

நெடுநேரம் அமர்ந்தால் பயன் பெருகும் என எண்ணுதல் தவறு. முழங்காலின் வெளிப்புறத்தில் தோலுக்கு அருகே செல்லும் நரம்பு தொடர்ந்து அழுத்தப்பட்டால், பாதத்தை மேலே தூக்க இயலாத நிலை ஏற்படலாம். நாள்தோறும் பல மணி நேரம் இவ்வாறு அமர்ந்த மாணவர் ஒருவருக்கு இக்குறை நேர்ந்ததை, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 1971ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துள்ளது. கால் மரத்துப்போனால் உடனே எழுந்துவிட வேண்டும்.

மூட்டுத் தேய்மானம், கணுக்கால் காயம் உடையோரும், முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும் இவ்வாசனத்தைத் தவிர்க்க வேண்டும். கருவுற்ற பெண்கள் மருத்துவரிடம் கேட்டே செய்தல் வேண்டும். இவர்கள் நாற்காலியில் நிமிர்ந்து அமரலாம்; பின்னர் வீட்டிற்குள்ளேயே 10 நிமிடம் மெல்ல நடக்கலாம். அமிலம் மேலேறாதிருக்க இதுவே போதுமானது.

வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நெஞ்செரிச்சல், விழுங்குவதில் தடை, காரணமின்றி எடை குறைதல், மலத்தில் இரத்தம் அல்லது கருநிறம் ஆகியவற்றுக்கு ஆசனம் மருந்தாகாது. மருத்துவரை நாட வேண்டும். 45 வயது நிறைந்தோர் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை குறித்தும் அவரிடம் கேட்டறிதல் நன்று.

மிக முக்கியமாக, நெஞ்சில் இறுக்கம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றை "வாயுப் பிடிப்பு" எனக் கருதி இஞ்சிக் கஷாயம் அருந்திக் காத்திருத்தல் கூடாது. தெற்காசியரிடையே இதய நோய் இளவயதிலேயே தோன்றுகிறது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசைக்கு இழப்பாகும். உடனே 911 எண்ணை அழைக்க வேண்டும்; தாமே காரோட்டிச் செல்லுதல் கூடாது.

குறைந்த கட்டண மருத்துவ நிலையங்களைப் பற்றி 211 எண்ணில் அறியலாம். மத்திய அரசின் நிதியுதவி பெறும் மருத்துவமனைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உதவியைக் கட்டணமின்றிக் கோரலாம். தங்கள் இல்லத்து முதியோருக்கும் இதனை எடுத்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.