மணிமுத்தாற்றில் ஒரு நாள்

சென்ற சனவரியில் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் மணிமுத்தாற்றுக்கு இன்பச் சுற்றுலா சென்றோம். காமராசர் ஆட்சியில் கட்டப்பட்ட, 118 அடி நீர் தேக்கும் அணையைக் கண்டு களித்தபின் அருவிக்கு ஏறினோம்.

குளித்துக்கொண்டிருக்கையில் தெளிந்த நீர் திடீரெனக் கலங்கியது. சருகுகள் மிதந்து வந்தன. "உடனே கரையேறுங்கள்!" என்றார் சிஸ்டர். வெயில் அடிக்கிறதே என்று முணுமுணுத்தோம். சற்று நேரத்தில் நாங்கள் நின்ற பாறை மூழ்கிவிட்டது! மேலே மாஞ்சோலை மலையில் மழை பெய்தால், கீழே மேகமே இல்லாதபோதும் வெள்ளம் வருமாம். கலங்கல் நீரே அதன் முன்னறிவிப்பு.

மாலையில் மலையை விட்டு இறங்கினோம். 1988 முதல் அக்காடு புலிகள் காப்பகம். இரவு அங்கே விலங்குகளுக்கே உரியது. எங்கள் இரவோ அணையடி ஊரில், கார்த்திகை மீன்களையும் செந்நிறத் திருவாதிரையையும் கண்டு மகிழ்ந்ததில் கழிந்தது. தோழியரே, ஆற்றில் இறங்குமுன் நீரின் நிறத்தைப் பாருங்கள்!