வைப்புப் பணத்து வட்டியில் வரி: ஒரு படிவம் கொடுத்தால் போதும்



பாராளுமன்றத்தில் வரி பற்றிப் பேசினால், அது பணக்காரருக்குத்தானே என்று நம்மில் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் 2024 டிசம்பர் 18ஆம் திகதி, நிதி அமைச்சுக்கும் பொறுப்பான ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கே அறிவித்த ஒரு விஷயம் நம் லயத்து வீட்டையும் தொடுகிறது. வங்கி வட்டியில் பிடிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாகும் என்றார். 2025 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஒரு கணக்குப் பார்ப்போம். வேலையை விட்டு நின்ற ஓர் அம்மா, தமது சேமலாப நிதிப் பணம் 5 இலட்சம் ரூபாவை நிலையான வைப்பில் போடுகிறார். 8 வீத வட்டி என்றால் வருடத்துக்கு 40,000 ரூபா. அதில் 4,000 ரூபாவை வங்கி வரியாகப் பிடித்துவிடும்.

அவர் வரி கட்ட வேண்டியவரா? இல்லை. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அப்படிப்பட்டவர் வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் வட்டியில் வரி பிடிக்க மாட்டார்கள். கொடுக்காவிட்டால் வெட்டுத்தான்.

கவனிக்க வேண்டியவை:

1. வைப்பு உள்ள ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியே கொடுக்கணும்.
2. வரி வருடம் ஏப்ரல் 1இல் தொடங்கும். வருடா வருடம் புதிதாகக் கொடுக்கணும்.
3. சம்பளம், வட்டி, மற்ற வருமானம் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 18 இலட்சம். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். அடையாள அட்டையையும் வைப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நலன்புரிக் காரியாலயத்துக்கு வாங்க. சேர்ந்து நிரப்புவோம்.