லாபம் இருக்கு... ஆனா சம்பளத்துக்கு ஓவர்டிராஃப்ட்! விமான பாகத் தொழிலைச் சுற்றும் குறுகிய காலக் கடன்

2019 ஜனவரி. இந்திய விமானப்படைக்குப் போர் விமானம் செய்து தரும் ஹெச்.ஏ.எல். நிறுவனம், ஊழியர்களுக்குச் சம்பளம் போட சுமார் 1,000 கோடி ரூபாய் ஓவர்டிராஃப்ட் எடுத்த செய்தி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. இத்தனைக்கும் அந்த ஆண்டு அது நஷ்டத்தில் இல்லை. வரவேண்டிய பாக்கி மட்டும் 15,000 கோடிக்கு மேல். பெரும்பகுதி விமானப்படை தரவேண்டியது!

அரசு நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், ஏழடி முருகனுக்குப் பேர்போன வல்லக்கோட்டையை ஒட்டி, வல்லம் வடகால் ஏரோஸ்பேஸ் பூங்கா பக்கம் சின்னதாக ஒரு பட்டறை போட நினைப்பவருக்கு?

ஒரு வருஷத்துக்குள் திருப்பிக் கட்டவேண்டிய பாக்கிகளைத்தான் குறுகிய காலக் கடன் என்கிறோம். வங்கியின் கேஷ் கிரெடிட், ஏற்றுமதிக்கான பேக்கிங் கிரெடிட், நீண்ட காலக் கடனில் இந்த வருஷம் விழும் தவணை, எல்லாம் இதில் வரும். உலோகம் தந்தவருக்கான பாக்கியும் இதே ஒரு வருஷக் கெடுவில் நிற்கும்.

எங்கே இடிக்குது?

கார் பாகம் இன்று செய்தால் சில நாளில் அசெம்பிளி லைனில் ஏறிடும். விமான பாகம் அப்படியில்லை. சான்று பெற்ற டைட்டானியமோ அலுமினியமோ பெரும்பாலும் இறக்குமதி. அது வந்து சேரணும், கடையணும், ஹீட் ட்ரீட்மென்ட், பரிசோதனை, ஆவணம்... அப்புறம் கப்பல். அதற்கும் பிறகுதான் வாங்குபவரின் கிரெடிட் காலமே தொடங்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆண்டு விற்றுமுதல் 6 கோடி உள்ள பட்டறை என்று வைத்துக்கொள்வோம். சிறு தொழில்களுக்கு நாயக் கமிட்டி வகுத்த முறைப்படி, எதிர்பார்க்கும் விற்றுமுதலில் 20 சதவீதத்தை வங்கி நடைமுறை மூலதனமாகத் தரும். அதாவது 1.20 கோடி. தொழில் சுழற்சி 3 மாதம் என்பதுதான் இந்தச் சூத்திரத்தின் அனுமானம். 3 மாத விற்பனை 1.50 கோடி, மிச்சம் 30 லட்சம் முதலாளி கைக்காசு.

சுழற்சி 8 மாதமானால்? தோராயமாக 4 கோடி உள்ளே முடங்கும். வங்கி தந்தது அதே 1.20 கோடிதான் என்றால், 2.80 கோடிக்கு எங்கே போவது? சுழற்சி நீளம் என்று கணக்கு காட்டினால் 20 சதவீதத்துக்கு மேலும் வங்கி தரலாம்; அது உச்சவரம்பு கிடையாது. பலர் கேட்பதே இல்லை என்பதுதான் சோகம்.

சியாட்டிலில் ஸ்டிரைக், இங்கே தவணை

2024 செப்டம்பர் 13-ல் போயிங்கின் 33,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில நாளிலேயே 737, 767, 777 விமானங்களுக்கான சப்ளையர் ஆர்டர்களில் பெரும்பாலானவற்றை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. அக்டோபரில் போயிங் 1,000 கோடி டாலர் கடன் வசதிக்கு ஏற்பாடு செய்துகொண்டது. அடுத்து பங்கு விற்று 2,000 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. பெரியவர்களுக்கு அந்த வழி உண்டு. சப்ளை சங்கிலியின் கடைசியில் இருப்பவருக்குத் தயாராகிவிட்ட சரக்கும், மாதக் கடைசி வட்டியும்தான் மிச்சம்.

சட்டம் கைகொடுக்குமா?

வாங்குபவர் இந்திய நிறுவனம் என்றால், ஓரளவு. 2006-ம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தரணும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. கெடு தாண்டிய தொகையை, பணம் கொடுக்கும்வரை செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது என்ற வருமான வரி விதியும் 2024 ஏப்ரல் முதல் சேர்ந்துகொண்டது. இருந்தும் பெரிய வாடிக்கையாளர் மேல் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வருமா என்ற பயம் யாருக்குத்தான் இல்லை?

சண்டை போடாத வழி ட்ரெட்ஸ். இந்த ஆன்லைன் தளத்தில் இன்வாய்ஸை ஏற்றி, வாங்குபவர் ஒப்புக்கொண்டதும், வங்கிகள் போட்டி போட்டு டிஸ்கவுன்ட் செய்து பணம் தரும். வாங்குபவர் பிறகு கட்டத் தவறினாலும் சப்ளையரிடம் திருப்பிக் கேட்க முடியாது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேரணும் என்று மத்திய அரசு சொன்னது.

வாங்குபவர் வெளிநாட்டில் இருந்தால் 45 நாள் கெடுவால் பெரிதாகப் பலன் இல்லை. அங்கே கிரெடிட் காலம் 60 நாளா, 90 நாளா, 120 நாளா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன்பே பேசிவிடணும். விலையைப் பற்றி மட்டும் பேரம் பேசிவிட்டு வந்தவர்களுக்கு, அந்தக் கூடுதல் 30 நாளின் வட்டி முதல் இன்வாய்ஸிலேயே தெரிந்துவிடும்.